மக்கள் நடுவே ராணுவம்: உயிர் பறிக்காத ஆயுதங்கள் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

#1 தீரன்_நெல்லை

வணக்கம். வேறோர் இழையில் பேச்சு திசைமாறிப் போனதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். அமைதிப்படையோ ஆக்கிரமிப்புப் படையோ, ஒரு கம்பெனி சிப்பாய்களை ஊருக்குள் நிறுத்தினால் எதிரே நிற்பவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள்தான். சிப்பாய்க்குத் தெரிந்தது இரண்டு: சத்தம் போடுவது, சுடுவது. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வேண்டும் என்றுதான் ரப்பர் குண்டு, கண்ணீர்ப் புகை, லேசர், ஒலிக்கருவி என்று வரிசையாக வாங்குகிறார்கள். இதில் களத்தில் நின்றது எது, விளம்பரத்தோடு சரி என்று ஆனது எது? விற்பனைத் தாளை இங்கே ஒட்டாமல் தூரம், எடை, நேரம் என்று கணக்கோடு சொல்லுங்கள். தயாரிப்பு முறை யாரும் எழுத வேண்டாம், தூக்கிவிடுவேன்.

#2 மலைக்கோட்டை

மொகதிஷுவில் தொடங்கலாம். 1995 பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரம். சோமாலியாவில் மிஞ்சியிருந்த ஐ.நா. துருப்புகளை, பெரும்பாலும் பாகிஸ்தானும் வங்கதேசமும் அனுப்பியவர்களை, விமானநிலையமும் துறைமுகமும் வழியாகக் கப்பலேற்ற வேண்டும். அந்த வேலையை நடத்தியவர் அமெரிக்க மரைன் தளபதி அந்தோணி ஸின்னி. 1992–93இலேயே அங்கே ஒரு சிக்கல் தெரிந்துபோயிருந்தது. சிறுவர்கள் ஓடும் லாரியில் தொற்றி ஏறி, கறுப்புக் கண்ணாடி முதல் சாப்பாட்டுப் பெட்டி வரை பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். அப்படிக் கண்ணாடி பறிபோனதற்காகச் சுட்ட ஒரு மரைன் வீரர் 1993இல் ராணுவ நீதிமன்றத்தில் நின்றார். சுடவும் கூடாது, விடவும் முடியாது.

அதனால் 1995இல் கிளம்புமுன் அவசர அவசரமாக ஒரு மூட்டை கட்டினார்கள். 12 போர் (குழலின் துளை அளவு) வேட்டைத் துப்பாக்கிக்கு ஈயக்குண்டு நிரப்பிய துணிப்பை, 40 மி.மீ. குழலுக்கு மரக்கட்டைத் தோட்டா, ரப்பர் உருண்டை சிதறும் கையெறிகுண்டு, மிளகாய்ச் சாறு தெளிப்பான், எப்படிப் போட்டாலும் ஒரு முனை மேலே நிற்கும் நான்முள் இரும்பு, சோப்பு நுரை, ஒட்டு நுரை.

செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டது ஒட்டு நுரையைத்தான். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்துச் சரக்கு. உருளையை முதுகில் சுமந்து குழாயால் பீய்ச்சினால் காற்றுப் பட்டதும் உப்பி, தொட்டதையெல்லாம் ஒட்டும். அதில் மூன்று கோளாறு. முகத்தில் பட்டால் மூச்சு அடைக்கும். ஒட்டியவரை அங்கிருந்து நகர்த்த முடியாது, பிடிக்கப் போன சிப்பாயும் சேர்ந்து ஒட்டிக்கொள்வார். தோலிலிருந்து எடுக்க எண்ணெய் ஊற்றித் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கூட்டம் அதுவரை காத்திருக்குமா? அந்த நடவடிக்கையில் அதை ஆள்மீது பீய்ச்சவே இல்லை, தடைக்கான பொருளாகத்தான் வைத்துக்கொண்டார்கள். அதற்குச் சாதாரண நுரையும் முள் இரும்பும் மேல்: நுரைக்கு அடியில் முள் எங்கே கிடக்கிறது என்று தெரியாததால் வருகிறவர் தானாகவே நிற்பார்.

என் பார்வையில் அங்கே அதிகம் வேலை செய்தது கருவியே இல்லை. இதெல்லாம் எங்களிடம் இருக்கிறது, துப்பாக்கியும் கூடவே இருக்கிறது என்று ஸின்னி முன்கூட்டியே பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். எதிர்பார்த்த பெருங்கூட்டம் கடற்கரைக்கு வரவில்லை. துப்பாக்கிச் சண்டை நடந்தது, அது ஆயுதக்காரர்களோடு.

#3 சட்டப்புள்ளி

அடுத்த ஆண்டே, 1996 ஜூலையில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இதற்கு 3000.3 என்ற எண்ணில் ஒரு கட்டளை வெளியிட்டது. பொறுப்பை மரைன் படைத் தலைவரிடம் கொடுத்தார்கள். அதில் பலர் படிக்காமல் தாண்டும் வரிகள் இரண்டு. ஒன்று, இந்த ஆயுதங்களால் சாவே நேராது என்று எதிர்பார்க்கத் தேவையில்லை. சாவையும் நிரந்தர ஊனத்தையும் குறைக்கும் நோக்கில் வடிவமைத்திருந்தால் போதும். இரண்டு, இவை கையில் இருப்பதால் முதலில் இவற்றைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்ற கடமை எதுவும் கிடையாது. "பத்திரமான ஆயுதம்" என்று அமைச்சர்கள் மேடையில் சொல்வதும் கட்டளை சொல்வதும் ஒன்றல்ல.

#4 கணை_கணக்கர்

தீரன் தம்பி கேட்ட கணக்குக்கு வருகிறேன். நீண்ட காலம், நிறையக் குண்டு, ஓரளவு ஒழுங்கான பதிவு என்று பார்த்தால் வட அயர்லாந்துதான் பாடசாலை.

ஹாங்காங்கில் பிரிட்டிஷ்காரர்கள் மரக்கட்டைத் தோட்டா வைத்திருந்தார்கள். பெல்ஃபாஸ்டுக்கு அது கடினம் என்று 1970இல் ரப்பர் குண்டு வந்தது. நீளம் ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, தடிமன் ஒன்றரை அங்குலம். தரையில் சுட்டு, எகிறி, காலில் படவேண்டும் என்பது ஏற்பாடு. எகிறும் குண்டு எந்தப் பக்கம் போகும் என்பது சாலைக் கல்லுக்குத்தான் தெரியும். அதனால் நேரே சுட ஆரம்பித்தார்கள். 1975 வரை சுமார் 55,000 ரப்பர் குண்டுகள், மூன்று சாவு. 1973இல் பி.வி.சி. குண்டு வந்தது, துல்லியம் கூடியது, கடினமும் கூடியது. 2005 வரை எல்லா வகையும் சேர்த்து ஏறத்தாழ 1.25 லட்சம் குண்டுகள், 17 சாவு. இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 18 வயதுக்கு உட்பட்டவர்கள்.

அந்தக் கடைசி வரி ஏன் அப்படி வந்தது என்று பாருங்கள். பெரியவரின் இடுப்புப் பட்டை தரையிலிருந்து ஏறத்தாழ 100 செ.மீ. உயரம். ஏழெட்டு வயதுப் பிள்ளையின் தலை 100 முதல் 125 செ.மீ. உயரத்தில் இருக்கும். "இடுப்புக்குக் கீழே குறிவை" என்ற விதியில் குறி கொஞ்சம் மேலே போனாலோ, குறிவைத்த ஆள் நகர்ந்துவிட்டாலோ, பின்னால் நிற்கும் பிள்ளையின் முகம் அங்கேதான் இருக்கிறது. அதோடு, கல்லெறிகிறவன் கல்லைக் குனிந்துதானே எடுப்பான்? குனிந்தால் அவன் தலையும் இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். விதி தப்பில்லை. அசையாமல் நிமிர்ந்து நிற்கும் ஆளை மனதில் வைத்து எழுதிய விதி அது.

2001 ஜூனில் வந்த எல்21ஏ1 குண்டு 98 கிராம், குழலை விட்டுப் புறப்படும் வேகம் நொடிக்கு 72 மீட்டர். பாதி நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம்: 254 ஜூல். 160 கிராம் கிரிக்கெட் பந்தை மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் போட்டால் 121 ஜூல். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், கவசமில்லாத உடம்பில். இதற்கென்று 37 மி.மீ. துப்பாக்கியும் ஒளியியல் குறிநோக்கியும் தந்ததால் பழைய குண்டைவிட நேரே போகும். 2005இல் வந்த எல்60ஏ1 குண்டின் மூக்கில் காற்று இடைவெளி வைத்தார்கள். எலும்பில் பட்டால் மூக்கு நசுங்கி, அடியின் உச்சம் சற்று நீண்ட நேரத்துக்குப் பரவும். தவறித் தலையில் பட்டால் சேதம் குறைய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். தலையில் சுடலாம் என்று பொருள் இல்லை.

இந்த வகை ஆயுதம் அத்தனைக்கும் பொதுவான முடிச்சு ஒன்று உண்டு. 50 மீட்டரில் ஆளை நிறுத்தும் அளவு வேகம் கொடுத்தால் 5 மீட்டரில் அதே குண்டு விலா எலும்பை உடைக்கும். 5 மீட்டருக்கு ஏற்றபடி வேகத்தைக் குறைத்தால் 40 மீட்டரில் சட்டையைத் தட்டிவிட்டு விழும். பிரிட்டிஷ் பி.வி.சி. குண்டுக்கு, உயிராபத்து இல்லாவிட்டால் 20 மீட்டருக்குள் சுடாதே என்று விதி இருந்தது. அமெரிக்கரின் 40 மி.மீ. ஸ்பாஞ்ச் குண்டுக்கு 10 முதல் 50 மீட்டர். நல்ல கை இருந்தால் கல்லும் 50 மீட்டர் வரும், கவண் அதையும் தாண்டும். அதாவது நீங்கள் அவரை அடிக்கக்கூடிய இடம் முழுவதும் அவரும் உங்களை அடிக்கக்கூடிய இடம்தான்.

#5 தீரன்_நெல்லை

அண்ணே, அப்படியானால் ஒரே குண்டுக்குப் பதில் பல சின்னக் குண்டுகள் சிதறவிட்டால்? ஒவ்வொன்றின் ஆற்றலும் குறையுமே.

#6 கணை_கணக்கர்

ஆற்றல் குறையும், குறியும் போய்விடும். காஷ்மீரில் நடந்தது அதுதான்.

மத்திய ரிசர்வ் போலீஸ் 2010 முதல் வைத்திருந்தது 12 போர் பம்ப் துப்பாக்கி, ஒன்பதாம் எண் தோட்டா. ஒரு தோட்டாவில் 2 மி.மீ. அளவு ஈயச் சன்னங்கள் நூற்றுக்கணக்கில். பறவை வேட்டைச் சரக்கு. குழலை விட்டதும் விரியத் தொடங்கி, 30 மீட்டரில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்துக்குப் பரவும். அந்த வட்டத்துக்குள் காலும் இருக்கும், முகமும் இருக்கும், பக்கத்தில் வேடிக்கை பார்ப்பவரும் இருப்பார். தோலில் பட்டால் மேலோட்டமாக நிற்கும் சன்னம் கண்ணில் பட்டால் உள்ளே போய்விடும். 2016 ஜூலை 8இல் தீவிரவாத இயக்கத் தளபதி புர்ஹான் வானி கொல்லப்பட்ட பின் மூண்ட போராட்டங்களில் முதல் ஒரு மாதத்திலேயே சுமார் 13 லட்சம் சன்னங்கள் சுடப்பட்டதாக அந்தப் படையே ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றத்தில் சொன்னது. ஸ்ரீநகர் மருத்துவமனையில் நூற்றுக்கணக்கானோருக்குக் கண்ணில் காயம்.

பிறகு குழல் முனையில் சன்னம் மேலே போகாமல் தடுக்கும் தகடு பொருத்தினார்கள். செப்டம்பரில் பாவா என்ற மிளகாய்க் காரத்துக்கு உறவான வேதிப்பொருளை நிரப்பிய குண்டு வந்தது, லக்னோவில் உருவாக்கியது. பெல்லட் துப்பாக்கி அதோடு போய்விடவில்லை.

2020இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட வழிகாட்டி இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஒரே நேரத்தில் பல குண்டு சிதறுவது குறியற்றது, உலோகத்துக்கு ரப்பர் பூசியதும் கூடாது. 1990 முதல் வெளிவந்த காயப் பதிவுகளைத் திரட்டி 2017இல் வந்த ஒரு மருத்துவ ஆய்வில் தாக்குக்குண்டு (ரப்பர், பிளாஸ்டிக் குண்டு போன்ற வகை) பட்ட 1,984 பேரில் 53 பேர் இறந்திருந்தனர், 300 பேருக்கு நிரந்தர ஊனம். ஊனங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் தலையிலோ கழுத்திலோ பட்டவை. ஆஸ்பத்திரிக்கு வந்து பதிவானவர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் வருவார்கள், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

#7 வல்வெளி

அண்ணை சொன்னது சரி. ஆனா நீங்கள் கதைக்கிற காஷ்மீர்க் கதை துணை ராணுவக் கதை. அவையளிட்டக் கேடயம், தடி, கலவரப் பயிற்சி எண்டு கொஞ்சமாவது இருக்கும். அசல் ராணுவத்தைக் கொண்டுவந்து விட்டால் என்ன நடக்கும் எண்டதுக்கு 2013 ஓகஸ்ட் 1, இலங்கையில வெலிவேரியவைப் பாருங்கோ. குடிதண்ணி கெட்டுப்போச்செண்டு கம்பகா மாவட்டத்துச் சனம் றோட்டுக்கு வந்தது. ஆமி வந்தது, உயிர்க்குண்டால சுட்டது, மூண்டு பேர் செத்தவை. ரப்பர் குண்டு இருந்திருந்தா தப்பியிருப்பினமோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது: சனத்தைக் கலைக்க ஆமியைக் கூப்பிட்ட முடிவுதான் முதல் பிழை. கையில என்ன இருந்தது எண்டது அதுக்குப் பிறகுதான்.

#8 மலைக்கோட்டை

வல்வெளி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ராணுவத்தைத் தவிர வேறு ஆளே இல்லாத ஊர்களும் உண்டு: போலீஸ் கலைந்துபோன பாக்தாத் மாதிரி. அங்கே கூட்டத்தைவிடச் சோதனைச் சாவடிதான் அதிகம் பேரைக் கொன்றிருக்கும் என்பது என் கணிப்பு, அதுவும் இரவில், காருக்குள் இருந்தவர்களை. அதனால் கூட்டத்தை விட்டுவிட்டுக் காருக்கு வருகிறேன்.

2005 மார்ச் 4, இரவு. கடத்தப்பட்டு மீட்கப்பட்ட இத்தாலியப் பத்திரிகையாளர் ஜூலியானா ஸ்க்ரேனாவை ஏற்றிக்கொண்டு விமானநிலையம் போன கார்மீது அமெரிக்கச் சிப்பாய்கள் சுட்டதில் அவரைக் காப்பாற்றிய உளவு அதிகாரி நிக்கோலா கலிபாரி இறந்தார். அமெரிக்கத் தூதரின் பயணத்துக்காகச் சற்று நேரத்துக்குப் போட்ட தடை அது. தகவல் தொடர்புக் கோளாறில் கலைக்கச் சொல்லவில்லை, நீண்டுகொண்டே போனது. இடமோ வளைந்து வரும் இணைப்புப் பாதை. வளைவைத் தாண்டும்வரை ஓட்டுநருக்கு எதிரே தடை இருப்பதே தெரியாது.

கணக்குப் போடுவோம். 80 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். ஓட்டுநர் "என்னவோ இருக்கிறது" என்று உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க 2 நொடி, 44 மீட்டர் போயிற்று. நல்ல தார்ச்சாலையில் நல்ல பிரேக் பிடித்து நிற்க இன்னும் 36 மீட்டர். ஆக 80 மீட்டர். 120 மீட்டரில் முதல் எச்சரிக்கை கொடுத்தால் மிச்சம் 40 மீட்டர், அதே வேகத்தில் 1.8 நொடி. அந்த 1.8 நொடிக்குள் "இவன் குழம்பிப்போன குடும்பக்காரனா, குண்டு கட்டியவனா" என்று ஒரு பத்தொன்பது வயதுப் பையன் முடிவு செய்ய வேண்டும். மிச்சத்தைக் கூட்ட வழி இரண்டே: எச்சரிக்கையை முன்னே தள்ளு, அல்லது காரை முன்கூட்டியே மெதுவாக்கு. வேகம் 40 ஆனால் நிற்க 31 மீட்டர் போதும், அதே 120 மீட்டரில் 8 நொடி கிடைக்கும்.

ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும். வளைவுக்கு முன்பே, உள்ளூர் மொழியில், இரவில் மின்னும் பலகை. பிறகு வண்டி பாம்பாக வளைந்துதான் வரமுடியும் என்கிற மாதிரி மாறி மாறிக் கான்கிரீட் தடுப்பு. பிறகு கண்ணில் படுகிற ஓர் எச்சரிக்கைக் கோடு, அதைத் தாண்டினால் விளக்கு அல்லது லேசர். அதற்குப் பின்தான் ஆணிப்பட்டை அல்லது வலை, எல்லாவற்றுக்கும் கடைசியில் துப்பாக்கி. தடுப்பு வைக்க லாரி வரவில்லை என்று பாதியை விட்டுவிட்டு லேசரை மட்டும் நம்பினால் கலிபாரி கதைதான்.

ஆணிப்பட்டை டயரைக் காற்றிறக்கும், வண்டியை நிறுத்தாது. உருளும் ரிம்மோடு வெகுதூரம் வரும். வலை முன் அச்சில் சுற்றிச் சக்கரத்தை இறுக்கும். அதற்கும் வண்டி இழுத்துக்கொண்டு போய் நிற்க வெற்றிடம் வேண்டும். வலைக்குப் பின்னால் பத்து மீட்டரில் சிப்பாயை நிறுத்தினால் வண்டி அவர்மேல்தான் வந்து நிற்கும்.

எச்சரிக்கைச் சுடுதல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி ஏற்றி, ஏ.சி. போட்டுப் பாட்டுக் கேட்பவருக்கு அது கேட்காது. கேட்டால் இன்னும் மோசம்: யாரோ நம்மைச் சுடுகிறார்கள் என்று காலை ஆக்சிலரேட்டரில் அழுத்துவார். ஈராக்கில் அமெரிக்கர் காட்டிய மடக்கிய கை "நில்" என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. விரித்த உள்ளங்கை உலகம் முழுக்கப் புரியும், அதுவும் வெளிச்சம் சிப்பாய்மேல் விழுந்தால்.

#9 தீரன்_நெல்லை

லேசர் கண்ணைக் குருடாக்காதா? அது தடை செய்யப்பட்டது இல்லையா?

#10 சட்டப்புள்ளி

நிரந்தரமாகக் குருடாக்கவே உருவாக்கியதுதான் தடை. சில மரபு ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் ஐ.நா. உடன்படிக்கையில் 1995இல் சேர்த்த நான்காம் நெறிமுறை, 1998 முதல் நடப்பில். கண்ணைக் கூசவைப்பது அதற்குள் வராது. கூச்சத்துக்கும் குருட்டுக்கும் நடுவே இருப்பது தூரம் மட்டும்தான் என்பதால் சட்டம் பாதுகாப்பு கொடுத்துவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது.

#11 கணை_கணக்கர்

அக்கா சொன்ன தூரத்துக்கு ஓர் அளவே உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் "இதற்கு உள்ளே நேராகப் பார்த்தால் விழித்திரைக்கு ஆபத்து" என்ற எல்லை கணக்கிட்டுத் தருவார்கள். 532 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளிக்குத்தான் கண் மிகக் கூசும், அதனால்தான் பச்சை. ஆள் தொலைநோக்கியில் பார்த்தால் எல்லை நீளும். கார்க் கண்ணாடி, கடைப் பலகை, பக்கவாட்டுக் கண்ணாடி எதிரொளித்தால் ஒளி சுட்டவருக்கே திரும்பும். ஈராக்கில் அமெரிக்கச் சிப்பாய்களே தங்கள் லேசரால் கண் கெட்ட சம்பவங்கள் உண்டு. பின்னால் வந்த சில கருவிகள் தூரத்தைத் தாங்களே அளந்து, ஆள் எல்லைக்குள் வந்தால் அணைந்துவிடும். வாங்குவதானால் அந்த வகையைத்தான் வாங்க வேண்டும், விலை பார்க்கக் கூடாது.

பகலில் பயன் குறைவு, கண்மணி சுருங்கியிருக்கும். இரவில் தூசி படிந்த முன்கண்ணாடியில் பட்டால் கண்ணாடி முழுவதும் பச்சையாகப் பூத்துவிடும், ஓட்டுநருக்குச் சாலையே தெரியாது. ஆகவே தொலைவில் இருக்கும்போது ஒரு சிமிட்டு, "உன்னைப் பார்த்துவிட்டேன்" என்று. கிட்டே வந்த பின் முகத்தில் பிடித்துக்கொண்டே இருந்தால் பிரேக் போடவேண்டியவரைக் குருட்டாட்டம் ஓட்டவைக்கிறீர்கள்.

#12 எதிர்வாதி

இத்தனை சிக்கல் எதற்கு? ஒலிக்கருவி, வெப்பக்கதிர் என்று தொடாமலே விரட்டும் சரக்கு வந்துவிட்டதே.

#13 கணை_கணக்கர்

ஒலிக்கருவி: பெரிய வகை ஒரு மீட்டரில் ஏறத்தாழ 150 டெசிபெல். தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 குறையும். 8 மீட்டரில் 132, 32 மீட்டரில் 120, 64 மீட்டரில் 114. காதுக்கு வலி 120ஐ ஒட்டித் தொடங்கும். ஆக, வலி தரும் தூரத்துக்குள் முன்வரிசையில் நிற்பவருக்குச் செவி கெடும், பின்வரிசைக்குத் தொந்தரவு மட்டும். முன்வரிசையால் பின்னே போகமுடியாதபடி பின்வரிசை நெருக்கிக்கொண்டிருக்கும். பஞ்சு அடைத்தால் பாதிப் பயன் போய்விடும். என் கணக்கில் இது ஆயுதமே இல்லை, நல்ல ஒலிபெருக்கி. நூற்றுக்கணக்கான மீட்டருக்குத் தெளிவான பேச்சைக் கொண்டுபோகும். முன்கூட்டியே உள்ளூர் வழக்கில் பதிந்து வைத்த நான்கு வாக்கியம், "இந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்", "வலப்பக்கத் தெரு திறந்திருக்கிறது" என்பதுபோல, ஊளைச் சத்தத்தைவிட அதிகம் சாதிக்கும்.

வெப்பக்கதிர்: 95 கிகாஹெர்ட்ஸ் அலை, தோலுக்குள் 0.4 மி.மீ. வரைதான் போகும். சில நொடியில் பொறுக்கமுடியாத சூடு, ஆள் விலகினால் போய்விடும். சோதனையில் பத்தாயிரத்துக்கு மேல் ஆள்முறை வெளிப்பாடு, தீக்காயம் மிகக் குறைவு. 2010இல் ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோய் ஒரு முறைகூடப் பயன்படுத்தாமல் அதே ஆண்டு திருப்பி எடுத்துக்கொண்டார்கள். லாரி அளவு இயந்திரம், உள்ளே குளிரூட்டித் தயாராக்கவே பல மணி நேரம். "அமெரிக்கன் மைக்ரோவேவில் வாட்டுகிறான்" என்ற பேச்சு ஒன்று கிளம்பினால் அதை எந்த விளக்கமும் அணைக்காது. இன்னொன்று: விலகினால் சூடு போகும் என்பதுதான் இதன் பாதுகாப்பு முழுவதும். விலக வழியில்லாதவருக்கு, விழுந்து கிடப்பவருக்கு, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு?

#14 எதிர்வாதி

சரி, புகையாவது போடலாமா?

#15 சட்டப்புள்ளி

போடலாம், எங்கே என்பதுதான் கேள்வி. 1997இல் நடப்புக்கு வந்த ரசாயன ஆயுத உடன்படிக்கை கலவரக் கட்டுப்பாட்டுப் புகையைப் "போர்முறையாக" பயன்படுத்தத் தடை சொல்கிறது. சட்டம் ஒழுங்குக்கு விடுகிறது. போலீசுக்குச் சரி, படைக்குத் தடை என்று எளிதாகப் பிரிக்க முடியாது. அமைதிப்படை ஒரே தெருவில் காலையில் காவல் வேலையும் மாலையில் சண்டையும் செய்யும். அமெரிக்கா தன் அதிபரின் 1975ஆம் ஆண்டு ஆணையை வைத்துக்கொண்டு சில விதிவிலக்குகள் தனக்கு உண்டு என்கிறது, மற்ற நாடுகள் ஒப்புவதில்லை.

2004 மார்ச்சில் இனக் கலவரத்தில் கொசோவோ எரிந்தபோது இதன் விலை தெரிந்தது. பிரிஸ்ரெனில் இருந்த ஜெர்மன் படைக்கு அவர்கள் நாட்டுச் சட்டப்படி கண்ணீர்ப் புகை கூடாது. கையில் துப்பாக்கி, நடுவில் ஒன்றுமில்லை. செர்பிய வீடுகளும் தேவாலயங்களும் எரிந்தன, சுடாமல் நின்றார்கள். பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரே படையின் கீழ் வேலை செய்யும் நாடுகள் ஒவ்வொன்றுக்கும் எது அனுமதி என்ற அட்டவணை கம்பெனித் தளபதியின் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

மறுமுனை மாஸ்கோ, 2002 அக்டோபர். நாடக அரங்கில் 800க்கு மேற்பட்ட பணயக்கைதிகள். ரஷ்யப் படையினர் மயக்கப் பொருளைக் காற்றோட்டக் குழாயில் விட்டார்கள், 130 பேர் இறந்தனர், பெரும்பாலோர் அந்தப் பொருளாலும் அதற்குப் பின் கிடைக்காத சிகிச்சையாலும். மூடிய கூடத்தில் ஒருவருக்கு மயக்கம் தரும் அளவு பக்கத்து ஆளுக்குச் சாவு தரும். என்ன பொருள் என்றுகூட வெளியே நின்ற மருத்துவர்களுக்குச் சொல்லவில்லை.

திறந்த தெருவில் சாதாரணக் கண்ணீர்ப் புகைக்கு: காற்று யார் பக்கம்? முகமூடி போட்ட சிப்பாய் பேசுவது மூன்றடி தள்ளிக் கேட்காது, மொழிபெயர்ப்பாளருக்கும் முகமூடி உண்டா? புகைக்குப்பி கொதிக்கும், வைக்கோலிலும் கூரையிலும் விழுந்தால் தீ. குப்பியையே ஆளைப் பார்த்து நேராகச் சுட்டால் அது உயிர்க்குண்டுதான்.

#16 வல்வெளி

வெளியில போக வழி விடாமல் புகை போடுறதையும் சேருங்கோ அக்கா. சனம் ஓடுறதுக்கு ஒரு பக்கம் திறந்திருக்க வேணும், அது எந்தப் பக்கம் எண்டு அவைக்குத் தெரியவும் வேணும்.

#17 தீரன்_நெல்லை

கடைசியாக ஒன்று. இவ்வளவையும் கேட்ட பிறகு, 30 பேர் கொண்ட ஒரு பிளட்டூனைக் கூட்டத்துக்கு எதிரே நிறுத்தவேண்டி வந்தால் எப்படிப் பிரிப்பீர்கள்?

#18 மலைக்கோட்டை

விதிநூல் அல்ல, என் பிரிப்பு. கேடயம் 12. தாக்குக்குண்டு சுடுபவர் 3, ஒவ்வொருவர் தோளுக்கும் ஒரு பார்வையாளர், ஆக 6. ஆளை இழுத்துப் பிடிக்கும் குழு 4. உயிர்க்குண்டுத் துப்பாக்கியோடு காவல் 2, முடிந்தால் மேல்மாடியில். மருத்துவ உதவி 2, மொழிபெயர்ப்பாளர் 1, படம்பிடிப்பவர் 1, தளபதியும் ரேடியோக்காரரும் 2.

பார்வையாளர் எதற்கு என்று கேட்பார்கள், முதலில் அவரைத்தான் வெட்டுவார்கள். சுடுபவர் குறிநோக்கிக்குள் ஓர் ஆளை மட்டும் பார்ப்பார். பின்னால் பிள்ளை இருக்கிறதா, தூரம் 10 மீட்டருக்குள் வந்துவிட்டதா, குறிவைத்தவன் கல்லைக் கீழே போட்டுவிட்டானா என்பதைப் பார்க்க இன்னொரு கண் வேண்டும். அவர் "இல்லை" என்றால் சுடக்கூடாது.

ஒரு துப்பாக்கியில் ஒரே வகைத் தோட்டா. 12 போர் துப்பாக்கியில் துணிப்பையும் அசல் தோட்டாவும் இரண்டுமே போகும் என்பதுதான் அதன் ஆபத்து. பதற்றத்தில் கை எந்தப் பையைத் தொடும் என்று சொல்ல முடியாது. தாக்குக்குண்டுத் துப்பாக்கிக்குத் தனி நிறம், அதை வைத்திருப்பவரிடம் அசல் தோட்டா ஒன்றுகூட இருக்கக்கூடாது. அவரைக் காப்பது மேல்மாடிக் காவலின் வேலை.

எண்ணிக்கையில் ஏமாறாதீர்கள். மூன்று பேர், ஆளுக்கு 15 குண்டு என்றால் 45. நிமிடத்துக்கு ஆளுக்கு இரண்டு சுட்டாலே எட்டு நிமிடத்தில் காலி. தீர்ந்துபோகும் நேரத்தில் கூட்டம் இன்னும் கோபமாக இருக்கும், கையில் மிஞ்சுவது அசல் துப்பாக்கி. பாதி தீரும்போதே பின்வாங்கும் வழி முடிவாகியிருக்க வேண்டும். 2023 மே 29இல் கொசோவோவின் ஸ்வெச்சானில் கேடயமும் பயிற்சியும் உள்ள நேட்டோ வீரர்கள் 30 பேர், இத்தாலியரும் ஹங்கேரியரும், ஒரே நாளில் காயப்பட்டார்கள். எலும்பு முறிவு, தீக்காயம், சிலருக்குத் துப்பாக்கிக் குண்டும்கூட.

#19 சட்டப்புள்ளி

படம்பிடிப்பவரோடு ஒரு பதிவுத்தாளும் வேண்டும். சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வரி: நேரம், தூரம், யார் உத்தரவு, குறிவைத்தவர் அந்த நொடி என்ன செய்துகொண்டிருந்தார், எங்கே பட்டது, மருத்துவம் பார்த்தது யார். வட அயர்லாந்தில் 2000 முதல் போலீஸ் புகார்களுக்கென்று தனி விசாரணையாளர் அலுவலகம் உண்டு. போலீஸ் சுடும் குண்டுகள் அங்கே விசாரணைக்குப் போகும். அதே குண்டை ராணுவம் சுட்டால் அந்த அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை.

#20 வல்வெளி

அப்ப பதிவுத்தாளை ஆர் வாசிக்கிறது எண்டதையும் ஆமி வர முதலே எழுதி வைக்கவேணும், அக்கா. ஆமியே வாசிக்கிறதெண்டா அந்த வரியளை அவை எப்பிடி நிரப்புவினம் எண்டு வெலிவேரியச் சனத்திட்டக் கேளுங்கோ.